கேபினுக்குள் இரைச்சல்... வீட்டிலேயே குறைக்கலாம்!

காய்கறி வண்டியும் டிராக்டரும் ஓட்டும் விவசாயிகளின் காதைக் காக்க எளிய வழிகள்

ராயக்கோட்டையின் தக்காளி, சூளகிரியின் கொத்தமல்லி, புதினா, பாகலூர், பேரிகைப் பக்கத்து ரோஜா... ஓசூர் வட்டாரத்தின் விளைச்சல் பொழுது விடியும் முன்பே வண்டி ஏறி எல்லை தாண்டுகிறது. ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியிலிருந்து என்றால் 90. கலாசிபாளையம் மார்க்கெட்டுக்குச் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்புவதற்குள், கிருஷ்ணகிரி விவசாயி 180 கிலோமீட்டர் ஓட்டியிருப்பார். ‘குட்டி யானை’ என்று ஊரில் பெயர் வாங்கிய டாடா ஏஸ், 2011-ல் அறிமுகமாகி ஓசூர் ஆலையிலேயே உருவான தோஸ்த், பொலிரோ பிக்கப் என்று வண்டிகள் மாறினாலும், கேபினுக்குள் நிறைந்திருக்கும் இரைச்சல் மட்டும் மாறுவதில்லை.

டீசல், சுங்கச்சாவடிக் கட்டணம், ஏற்றுகூலி, இறக்குகூலி, கமிஷன் என எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதும் குடும்பங்கள், ஒரு செலவை மட்டும் எழுதுவதில்லை. அது காது. வீட்டில் டி.வி சத்தம் மெள்ள மெள்ளக் கூடும். மனைவி கூப்பிட்டால் ‘என்ன?’ என்று இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கும். பேச்சு காதில் விழும். சொல் மட்டும் புரியாது. ‘வயசாகுதில்ல’ என்று சொல்லிவிட்டு அடுத்த நாளும் வண்டியை எடுப்பார்கள். பல நேரம் அது வயதின் வேலை அல்ல, வண்டியின் வேலை.

ஆலைக்குள் நோய்... கேபினுக்குள் கணக்கில்லை!

ஓசூர் சிப்காட் பக்கம் பல வீடுகளில் ஒருவர் ஆலை வேலைக்குப் போவார், இன்னொருவர் நிலத்தையும் வண்டியையும் பார்ப்பார். இந்த இருவருக்கும் சத்தம் ஒன்றுதான். ஆனால், விதி வேறு. இரைச்சலால் வரும் காது கேளாமையை, தெரிவிக்கப்பட வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சேர்த்தது. 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபெல் என்பது ஆலைகளுக்கான எல்லை. சொந்த வண்டியில் சொந்தச் சரக்கை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு இப்படி அளந்து பார்க்க யாரும் இல்லை. அவரேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் தொழிலாளர் நல ஆய்வு நிறுவனமான நியோஷ், எல்லையை இன்னும் கீழே வைத்திருக்கிறது. 85 டெசிபெல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும், காதுக்கான அவகாசம் பாதியாகும். 88 டெசிபெல்லுக்கு 4 மணி நேரம். 91-க்கு 2 மணி நேரம். 94-க்கு 1 மணி நேரம் மட்டுமே. டெசிபெல் என்பது கிலோ, லிட்டர் போன்ற கணக்கு அல்ல. 3 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்காகிறது.

இந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்தால்தான் நல்ல செய்தி இருக்கிறது. கேபினுக்குள் 3 டெசிபெல் குறைத்தாலே, காதுக்கான அவகாசம் இரண்டு மடங்காகிறது. சரக்கு வண்டியைச் சொகுசுக் காராக மாற்றத் தேவையில்லை. கொஞ்சம் குறைத்தாலே போதும்.

உட்காதில் நத்தை ஓடு போன்ற சுருளுக்குள் மயிரிழை போன்ற நுண்ணிய செல்கள் இருக்கின்றன. தொடர் இரைச்சலில் இவை சாகின்றன. செத்தால் மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது கீச்சென்ற மேல் ஒலிகளைக் கேட்கும் திறன். அதனால்தான் ‘தட்டு’ என்றார்களா, ‘சட்டி’ என்றார்களா என்று குழப்பம் வருகிறது. குழந்தைகள் பேசுவது முதலில் புரியாமல் போவதும் இதனால்தான்.

கருவி இல்லாமலே அளந்து பார்க்க ஒரு வழி உண்டு. வண்டி வழக்கமான வேகத்தில் ஓடும்போது, மூன்றடி தூரத்தில், பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால், சத்தம் 85 டெசிபெல்லைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

சத்தம் எந்த வழியாக வருகிறது?

வாய்க்காலில் எங்கே உடைப்பு என்று பார்க்காமல் மண்ணை அள்ளிக் கொட்டினால் தண்ணீர் நிற்காது. சத்தமும் அப்படித்தான். அது இரண்டு வழிகளில் உள்ளே வருகிறது. ஒன்று, காற்று வழி. கதவிடுக்கு, தரை ஓட்டை, இன்ஜின் மூடி ஆகியவற்றின் வழியாக நேரே நுழைவது. இரண்டாவது, இரும்பு வழி. இன்ஜினும் சக்கரமும் அதிர, அந்த அதிர்வு சேஸிஸில் ஏறி, கேபின் தகரத்தை மேளம்போல் அடிப்பது. முதலாவதற்கு அடைப்பு மருந்து. இரண்டாவதற்குக் கனமும் ரப்பரும் மருந்து.

மூலம் எது என்று கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள் போதும். முதலில், வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஓட்டும்போது இருக்கும் அளவுக்கு ஆக்ஸிலேட்டரை மிதிக்க வேண்டும். அதே இரைச்சல் வந்தால் இன்ஜின், சைலன்சர் பக்கம்தான் கோளாறு. அடுத்து, ஆள் நடமாட்டம் இல்லாத சமதளச் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, கிளட்சை 2 விநாடி மட்டும் மிதித்து விட வேண்டும். இன்ஜின் இறங்கிய பிறகும் சத்தம் குறையவில்லை என்றால் டயர், பேரிங், பாடி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஓடும்போது இன்ஜினை ஒருபோதும் ஆஃப் செய்யக் கூடாது. பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி நின்றுவிடும்.

முதல் வேலை: பழுது பார்ப்பது

கடையில் ஷீட் வாங்கும் முன்பு செய்ய வேண்டிய வேலை இது. பல சத்தங்கள், வண்டி சொல்லும் எச்சரிக்கைகள். அவற்றை மூடி மறைத்தால் ஆபத்துதான் மிஞ்சும்.

சைலன்சர்: ‘புஸ்... புஸ்’ என்று சத்தம் வந்தாலோ, ஜாயின்டில் கறுப்புக் கரி படிந்திருந்தாலோ கசிவு இருக்கிறது. இதை முதலில் சரிசெய்ய வேண்டும். குட்டி யானை, தோஸ்த் போன்ற வண்டிகளில் இன்ஜின் இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம், குமட்டல்தான் அதன் அறிகுறிகள். தூக்கக் கலக்கம் என்று நினைத்துவிடுவார்கள். மார்கழிக் குளிரில் மார்க்கெட் திறக்கும் வரை கண்ணாடியை ஏற்றிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவது உயிருக்கே ஆபத்து.

இன்ஜின் மவுண்டிங் ரப்பர்: இன்ஜின் அதிர்வு சேஸிஸுக்குப் போகாமல் தடுப்பது இதுதான். டீசலும் ஆயிலும் பட்டு ஊறிப்போனாலோ, வெடித்துப்போனாலோ ஐட்லிங்கில் ஸ்டீயரிங்கும் இருக்கையும் நடுங்கும். இந்த ரப்பரை மாற்றாமல் தரைக்கு என்ன போட்டாலும் பலன் கிடைக்காது.

வீல் பேரிங்: வேகத்தோடு சேர்ந்து ‘ஊ...’ என்று ஏறும் முனகல் பேரிங்காக இருக்கலாம். இடது பக்கம் வளைக்கும்போது முனகல் கூடினால், எடை தாங்கும் வலது பக்கச் சக்கரத்தைச் சந்தேகிக்க வேண்டும். வலது பக்கம் வளைக்கும்போது கூடினால் இடது பக்கம். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

டயர்: கையால் தடவும்போது ரம்பப் பல்போல் ஒரு பக்கம் வழுக்கி, மறுபக்கம் குத்தினால் தேய்மானம் ஒரே சீராக இல்லை என்று அர்த்தம். அலாய்ன்மென்ட், ஷாக் அப்சார்பர் இரண்டையும் பார்க்க வேண்டும். காற்றை டயர் சூடாவதற்கு முன்பு, வண்டியோடு வந்த கையேட்டில் சுமைக்கு ஏற்பச் சொல்லியிருக்கும் அளவில் பிடிக்க வேண்டும்.

பின்கதவு, சங்கிலி, கொண்டி: காலி வண்டி ஓடும்போது காதைக் கிழிப்பவை இவைதான். பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சங்கிலியில் செருகலாம். கொண்டி மோதும் இடத்தில் ரப்பர் வாஷர் வைக்கலாம். காலி கிரேட்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும். இதற்குச் செலவே இல்லை.

இரண்டாவது வேலை: ஓட்டையை அடைப்பது

ஒரு தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால், மீதித் தடுப்பு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் 20 டெசிபெல்லுக்கு மேல் அதனால் தடுக்க முடியாது. கதவு முழுக்க விலை உயர்ந்த ஷீட் ஒட்டிவிட்டு, விரல் நுழையும் இடுக்கை விட்டுவைத்தால் பணம் வீண்.

இரவில் ஒருவர் கேபினுக்குள் உட்கார்ந்து கதவுகளைச் சாத்திக்கொள்ள வேண்டும். இன்னொருவர் வெளியிலிருந்து கதவு ஓரம், தரை அடி என்று டார்ச் அடித்துக்கொண்டே போக வேண்டும். வெளிச்சம் உள்ளே தெரிகிற இடமெல்லாம் சத்தமும் வரும் இடம். அந்த இடங்களில் சாக்பீஸால் குறி வைக்கலாம்.

கதவு பீடிங்கைச் சோதிக்க ஒரு துண்டுக் காகிதம் போதும். காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்தி இழுக்க வேண்டும். பிடிமானம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால், அந்த இடத்தில் பீடிங் செத்துப்போயிருக்கிறது. அந்த வண்டிக்கு உரிய பீடிங்கையே வாங்கிப் போடுவது நல்லது. அதிகத் தடிமனாகப் போட்டால் கதவு சரியாகப் பூட்டாது. ஓடும்போது திறந்துகொள்ளும்.

அடுத்து, இருக்கைக்கு அடியில் இருக்கும் இன்ஜின் மூடி. மெக்கானிக் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இதன் ஓர ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்ந்துபோகும். கிளிப் தளர்ந்திருக்கும். இருக்கைக்கு அடியில் இன்ஜின் உள்ள வண்டிகளில் இரைச்சல், வெப்பம், புகை மூன்றும் நுழையும் வாசல் இதுதான். வெப்பம் தாங்கும் ரப்பரை மாற்றி, கிளிப்பை இறுக்கினால் அன்றைக்கே வித்தியாசம் தெரியும். கிளட்ச் கேபிள், ஒயர்கள் நுழையும் ஓட்டைகளில் இருக்கும் ரப்பர் குரோமெட்டுகளையும் பார்த்து, இல்லாத இடத்தில் புதிதாகப் போட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. கதவின் அடியில் இருக்கும் சிறு துளைகள் மழைத்தண்ணீர் வடிவதற்கானவை. அவற்றை அடைத்தால் கதவுக்குள் தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும்.

மூன்றாவது வேலை: தகரத்தின் அதிர்வை அடக்குவது

தட்டினால் ‘டங்’ என்று நீண்டு ஒலிக்கும் தகரம்தான் மேளம். இதற்கு மேலே அலுமினியத் தாளும், கீழே பிசின்போன்ற பியூட்டைல் ரப்பரும் கொண்ட டேம்பிங் ஷீட், கார் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கிறது. தகரம் முழுவதையும் மூடத் தேவையில்லை. தகரத்தின் நடுப்பகுதியில் கால் பங்கு முதல் பாதி வரை ஒட்டினாலே பெருமளவு பலன் கிடைத்துவிடும். முழுக்க ஒட்டினால் செலவு கூடுமே தவிர, பலன் அந்த அளவுக்குக் கூடாது. 2 மில்லிமீட்டர் ஷீட் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 3 கிலோ எடை இருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

செய்முறை இதுதான். இருக்கை, மேட், கதவின் உள்பக்க அட்டை ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்தது என்று தெரிய, கழற்றும்போதே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். துரு இருந்தால் சுரண்டி, பிரைமர் அடித்து, நன்கு காயவிட வேண்டும். சோப்புத் தண்ணீரால் துடைத்து, பிறகு ஸ்பிரிட் தொட்ட துணியால் எண்ணெய்ப் பசை போகும்வரை துடைக்க வேண்டும். பசை இருந்தால் ஷீட் இரண்டு மாதத்தில் உரிந்துவிடும். ஷீட்டை வெயிலில் கொஞ்ச நேரம் வைத்து, இளகியதும் ஒட்டி, ரோலரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். ரோலர் இல்லாவிட்டால் கரண்டியின் முதுகுப் பக்கம் போதும். ஓசூர், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். மார்கழி, தை காலைக் குளிரில் ஒட்டினால் பிடிக்காது. நடுப்பகலில் செய்வதே நல்லது.

தரைக்கு இன்னொரு அடுக்கு உண்டு. கீழே மெத்தென்ற ஃபெல்ட், மேலே கனமான ரப்பர். மாட்டுக் கொட்டகையில் விரிக்கும் கனமான ரப்பர் மேட் மிச்சம் இருந்தால், அதையே அளவாக வெட்டிப் பக்கத்து இருக்கையின் கால் வைக்கும் இடத்தில் போடலாம். ஓட்டுநரின் கால் பக்கத்தில் கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர் மூன்றையும் கடைசி வரை மிதித்துப் பார்த்து, எதிலும் தட்டாதபடியும் நகராதபடியும் பொருத்த முடிந்தால் மட்டுமே போட வேண்டும். இன்ஜின் மூடிமேல் இந்த மேட் வேண்டவே வேண்டாம்.

இவற்றைச் செய்யக் கூடாது

* கூரைக்கு ஊற்றும் தார், தார் ஷீட் ஆகியவை வெயிலில் உருகும், நாறும், தீப்பிடிக்கும். கேபினுக்குள் ஒட்டக் கூடாது.
* தெர்மாகோல், பஞ்சு, சாக்கு, தென்னை நார் ஆகியவை எளிதில் தீப்பற்றும். ஈரம் கோத்துத் துருவைக் கொண்டுவரும். எலிக்கும் வீடாகும்.
* சைலன்சர் குழாய் போகும் இடத்துக்கு அருகில் ஃபோம் எதுவும் கூடாது. பி.எஸ்-6 டீசல் வண்டிகளில் புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் நேரத்தில் வெப்பம் மிக அதிகமாகும்.
* ஒயர், கண்ணாடி ஏற்றி இறக்கும் கம்பி, பூட்டு ஆகியவற்றின்மேல் ஷீட் படக் கூடாது.
* சைலன்சரை மாற்றி அமைப்பது, உள் தடுப்பை எடுத்துவிடுவது குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவின்படி, ஒலி விதியை மீறி ஓட்டினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். இது மத்தியச் சட்டம் என்பதால் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான்.

டிராக்டருக்கு என்ன வழி?

டிராக்டரில் அடைக்கக் கேபினே இல்லை. மத்தியப் பிரதேசம், புத்னியில் இருக்கும் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பரிசோதனை நிறுவனம், புதிய டிராக்டர்களைச் சோதிக்கும்போது ஓட்டுநரின் காதருகே உள்ள சத்தத்தையும் அளக்கிறது. அதற்கான உச்ச வரம்பு 96 டெசிபெல். நியோஷ் கணக்கின்படி பார்த்தால், 96 டெசிபெல்லில் காதுக்கான அவகாசம் முக்கால் மணி நேரம்கூட இல்லை. உழவோ, நாள் முழுக்க நடக்கிறது.

இதில் பிரிட்டன் கற்ற பாடம் ஒன்று உண்டு. டிராக்டர் கவிழ்ந்து உழவர்கள் இறப்பதைத் தடுக்க அங்கே பாதுகாப்புக் கேபின்கள் கட்டாயமாயின. உயிர் பிழைத்தது. ஆனால், வெறும் தகரக் கேபின் மேளமாகிச் சத்தத்தைக் கூட்டியது. 1974-ல் வந்த விதி, கேபினுக்குள் சத்தம் 90 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்றது. அதன் பிறகே உள்ளே மெத்தையும் ரப்பரும் வைத்த அமைதியான கேபின்கள் வந்தன. நம் ஊர்ப் பட்டறையில் டிராக்டருக்குத் தகர டாப் போடும்போதும் இது பொருந்தும். டாப்பைப் பொருத்தும் இடங்களில் ரப்பர் புஷ் வைக்கச் சொல்ல வேண்டும். தகரத்தின் உள்பக்கம் டேம்பிங் ஷீட் ஒட்டலாம்.

நிலத்தில் உழும்போதும், கதிரடிக்கும் இயந்திரத்தின் அருகிலும் காதை முழுக்க மூடும் இயர்மஃப் போடுவதுதான் சிறந்த வழி. சாலையில் ஓட்டும்போது போடக் கூடாது. பின்னால் வரும் வண்டியின் ஹாரன் கேட்க வேண்டும். பிள்ளைகளை மட்கார்டில் உட்கார வைப்பது கீழே விழும் ஆபத்துக்காக மட்டுமல்ல, காதுக்காகவும் தவிர்க்க வேண்டிய பழக்கம்.

வழக்கமாக எழும் கேள்விகள்

‘செல்போன் ஆப்பில் சத்தத்தை அளக்கலாமா?’

அதில் வரும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. ஆனால், ‘வேலைக்கு முன், வேலைக்குப் பின்’ என்று ஒப்பிட உதவும். ஒரே போன், ஒரே சாலை, ஒரே வேகம், ஒரே சுமை, கண்ணாடி ஒரே நிலையில் என்று வைத்து அளக்க வேண்டும். அளப்பவர் பக்கத்து இருக்கையில் இருப்பவராக இருக்க வேண்டும், ஓட்டுநர் அல்ல.

‘ஏ.சி இல்லாத வண்டி. கண்ணாடியைத் திறந்துதானே ஓட்ட வேண்டியிருக்கிறது. இதெல்லாம் பயன்படுமா?’

கண்ணாடி திறந்திருக்கும்போது காற்று இரைச்சலும், பக்கத்து லாரியின் சத்தமும் நேரே காதில் விழும். ஆனாலும் இன்ஜின் மூடி, மவுண்டிங், தரை வழியாக வரும் சத்தம் குறையும். நெடுஞ்சாலையில் ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை முக்கால்வாசி ஏற்றி, மறுபக்கத்தைக் கொஞ்சம் திறந்து வைத்தால் காற்றும் வரும், காதுக்கும் ஓய்வு கிடைக்கும்.

‘இரைச்சலை மறைக்கப் பாட்டை உரக்க வைத்தால் என்ன?’

காதுக்கு அதுவும் சத்தம்தான். இரைச்சலை மீறிக் கேட்கும் அளவுக்கு வைத்தால், கெடுதல் இரண்டாகும்.

‘புதிய வண்டியில் இந்த வேலையைச் செய்யலாமா?’

வாரன்டி காலம் முடியும்வரை பிரித்துப் பார்க்காமல், சர்வீஸ் சென்டரிலேயே சொல்லிச் சரிசெய்துகொள்வது நல்லது. ஒயரிங்கில் கை வைத்தால் வாரன்டி சிக்கலாகும்.

‘கேட்கும் திறன் ஏற்கெனவே குறைந்துவிட்டதுபோல் இருக்கிறது. எங்கே போவது?’

2022-ல் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது-மூக்கு-தொண்டைப் பிரிவை அணுகி, ‘ஆடியோகிராம்’ பரிசோதனை பற்றிக் கேட்கலாம். எந்த ஒலி எந்த அளவில் கேட்கிறது என்று அது காட்டும். வலி இல்லாத பரிசோதனை. ‘எத்தனை ஆண்டுகளாக வண்டி, டிராக்டர் ஓட்டுகிறேன்’ என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இழந்தது திரும்பாது. ஆனால், மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். தேவைப்பட்டால் காது கேட்கும் கருவி பொருத்திக்கொள்ளலாம்.

வேலையை எங்கே தொடங்குவது என்று குழம்ப வேண்டாம். இந்த வாரம் சங்கிலிக்கு டியூப், காகிதச் சோதனை, டார்ச் சோதனை. அடுத்த சர்வீஸில் சைலன்சர், மவுண்டிங், பேரிங். கையில் பணம் வரும் அறுவடைக்குப் பிறகு டேம்பிங் ஷீட். இந்த வரிசையை மாற்றாமல் செய்தால், ஷீட் வாங்கும் நாள் வரும் முன்பே, பக்கத்தில் இருப்பவரிடம் கத்தாமல் பேச முடிகிற வண்டியாக அது மாறியிருக்க வாய்ப்பு உண்டு.